ஏழாம் கட்டில்காரி

ஒன்றரை வருடம், கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு நான்கு மணித்தியாலம் என் கணவர் இன்னொரு பெண்ணுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் இரண்டரை அடி. ஒருநாள் இவருக்குப் போர்வை கொடுக்க என்னை உள்ளே விட்டபோது, நிலத்து ஓடுகளை வைத்து அளந்துகொண்டேன்.

வாசிக்கிறவர்கள் வேறுவிதமாக நினைக்குமுன் சொல்லிவிடுகிறேன். அது ஆஸ்பத்திரியில் டயலிசிஸ் செய்யும் அறை. இவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஆறாம் கட்டில். அவளுக்கும் அப்படித்தான். ஏழாம் கட்டில். இருவர் கையிலும் ஊசி, குழாய். தலைமாட்டில் இரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பி அனுப்பும் மெஷின். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது அம்மா என்று என் மகள் கேட்டாள். மகளுக்கு இருபத்தொரு வயது. கண்டியில் படிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

கட்டில்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் அவளுடைய பழைய டெப், புத்தகமளவு தொடுதிரை. அதில் ஒரு ஆங்கில ரீவி நாடகத் தொடர்.

இங்கிலாந்துக் கிராமம் ஒன்று. ஒரு நாடகத்துக்கு ஒரு கொலை. ஆனால் இரத்தம் தெரியாது, அலறல் கிடையாது. எல்லோரும் பூந்தோட்டம் வைத்திருப்பார்கள், கேக் வெட்டுவார்கள், செத்தவரைப் பற்றித் தேநீர் குடித்தபடி கதைப்பார்கள். துப்பறிகிறவர் ஓய்வுபெற்ற மிருக வைத்தியரான ஒரு அம்மா. மூன்று சில்லுச் சைக்கிளில் திரிவார். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் ஒரு அறையில் கூப்பிட்டு இருத்தி, இன்னார்தான் கொன்றது என்பார். கொன்றவரும் மரியாதையாக எழும்பிப் பொலிசுடன் போவார்.

அவள் குவைத்தில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்தவள். படுக்கையில் கிடந்த வயதான வீட்டுக்காரம்மாவை, அதாவது மடத்தை, பார்த்துக்கொள்வதுதான் வேலை. மடத்துக்கு இந்த நாடகம் என்றால் உயிர். மடம் செத்தபிறகு பிள்ளைகள் என்ன வேண்டும் என்று கேட்க, இவள் அந்த டெப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருக்கிறாள். ஊர் மூதூர்ப் பக்கம், கட்டைபறிச்சான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் கையில் ஊசி ஏறும்போது "ஓ, குட் ஹெவன்ஸ்" என்பாள். நேர்ஸ்மார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நான் ஏ.எல். வரை, பதின்மூன்று வகுப்புப் படித்தவள். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை. ஆங்கிலக் கடிதம் வாசித்து விளங்குவேன். ஆனால் வெள்ளைக்காரர் விரைவாகக் கதைத்தால் எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் இருபத்தாறு வருடம் இருந்தவர். வயர்லெஸ்ஸில் எல்லா நாட்டுக் கப்டன்மாரோடும் கதைத்துக் கதைத்து ஆங்கிலம் காதில் ஊறிவிட்டது. ஆக, அவர்கள் இருவருக்கும் ஒரு மொழி இருந்தது. நான் கதவுக்கு வெளியே, நடைபாதையில் ஆட்கள் காத்திருக்கும் நீள வாங்கில் இருந்தேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதால் பார்த்தால் நான்கு பாதங்களும் இவருடைய முகமும் தெரியும். இவர் சிரிப்பார். எதற்கென்று எனக்குத் தெரியாது.

அவளை அழகி என்று சொல்ல முடியாது. மெலிந்த உடம்பு, கழுத்தளவு கத்தரித்த தலைமயிர், ஊசி குத்தாத கையில் ஆம்பிளைகள் கட்டும் மணிக்கூடு, குளிருக்கு இரண்டு நிறத்தில் காலுறை. அழகியாக இருந்திருந்தால் என் எரிச்சலுக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

இவரை 'அண்ணன்' என்பாள். என்னை 'அக்கா' என்பாள். நான் அக்கா என்றால் இவர் அத்தான். இவர் அண்ணன் என்றால் நான் மச்சாள். முறை எங்கோ இடித்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு கிழமை யோசித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தாலும் இவருக்கு அவள் கதைதான்.

"இஞ்சேரும், அவ கொலைகாரன் ஆரெண்டு பாக்கிறேல்லயாம். ஆர் பொய் சொல்லினம் எண்டுதான் பாக்கிறவவாம். கொலை செய்தவன் ஒருத்தன், பொய் சொல்லுறது எல்லாரும், அப்ப பொய்யை எல்லாம் ஒவ்வொண்டாக் கழிச்சால் மிஞ்சுறது அவன்தானாம்."

"அப்பிடியோ," என்று நான் சீனி போடாத தேத்தண்ணியைக் குடிப்பேன்.

நாடகத்தில் மட்டும் என்றால் போகட்டும். அவள் வார்டிலும் அதையே செய்தாள். காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டு வந்த ஒரு நேர்ஸ் பிள்ளையிடம், ஊசி குத்தக் குனிந்த நேரம் மெதுவாக, "மாப்பிள்ளை பிடிச்சிதா மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை ஊசியைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டாளாம். காய்ச்சல்காரி புருவம் திருத்திக்கொண்டு வரமாட்டாள் என்பதுதான் அவளுடைய கணக்கு. ஐந்தாம் கட்டிலில் இலங்கைத்துறைப் பக்கத்து ஐயா ஒருவர் இருந்தார். சிறுநீரகம் பழுதான எங்கள் ஆட்களுக்கு இளநீர் நஞ்சு மாதிரி. டொக்டர் கேட்கும்போதெல்லாம் அவர், "தொட்டும் பாக்கிறேல்ல" என்று சத்தியம் பண்ணுவார். அவருடைய வெள்ளைச் சேட்டில் மண்ணிறப் புள்ளிகள் இருந்ததை அவள் கண்டாள். இளநீர்க் கறை, எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. டொக்டர் போகுமட்டும் பேசாமல் கிடந்துவிட்டு, "ஐயா, அத விட்டுடுங்க. உங்கட நாடகம் பாதியில நிண்டிடும்" என்றாளாம். அந்த மனுசன் அழுதாராம்.

கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்ததை உரியவரிடம் மட்டும் சொல்லுவாள். மற்ற ஒரு குருவிக்கும் தெரியாது. இரண்டரை அடி தூரத்தில் கிடந்தபடியால் இவருக்குத் தெரியும். இவர் சொல்லி எனக்குத் தெரியும். அதைச் சொல்லும்போது இவருடைய குரலில் ஒரு பெருமை இருக்கும். எங்கள் மகள் பரீட்சையில் முதலாவதாக வந்தபோது இருந்த பெருமை.

செவ்வாயும் வெள்ளியும் இவர் கூப்பிடாமலே எழும்பினார். முகம் வழித்தார். நீலச் சேட்டைத் தேடினார். அந்தச் சேட்டை வாங்கிக் கொடுத்தது நான். வாங்கிய கையை நானே நொந்துகொண்டேன். மற்ற நாட்களில் சுவரைப் பார்த்துக்கொண்டு கதிரையில் கிடப்பார்.

நான் ஒரு சின்னத்தனமான வேலை செய்தேன். அடுத்ததாக என்ன நாடகம் பார்க்கப்போகிறார்கள் என்று இவரிடம் விசாரித்து, மகளுக்குப் போன் எடுத்து, அதன் முடிவை இணையத்தில் தேடிச் சொல்லச் சொன்னேன். பூக்கண்காட்சி ஒன்றில் தீர்ப்புச் சொல்ல வந்தவர் கண்ணாடி வீட்டுக்குள் செத்துக் கிடக்கிறார். சந்தேகம் எல்லோர்மேலும். அந்தப் பக்கமே போகவில்லை என்கிறான் தபால்காரன். ஆனால் தினமும் அவன் தின்னப் பாண் துண்டு போடுகிற வாத்துகள் கண்ணாடி வீட்டு வாசலில் கூடிநிற்கின்றன. மிருக வைத்தியர் அதைக் கண்டுவிடுகிறார்.

செவ்வாய் காலை இடியப்பத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே, "தபால்காரன்தான் கொன்றது. வாத்தால பிடிபடுறான்" என்றேன்.

இவர் கையைத் தட்டில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அன்று ஒரு இடியப்பத்தோடு எழும்பிவிட்டார்.

வார்டில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருக்கப் பார்த்திருக்கிறார். ஐந்து நிமிடம்தானாம். அவள் டெப்பை நிறுத்திவிட்டு, "அண்ணனுக்கு முடிவு தெரியும். வாத்து வந்தவுடன கண்ண அங்கால எடுத்திட்டீங்க" என்றாளாம். பிறகு, "சரி, என்ன இப்ப. தபால்காரன விடுவம். செத்தவர்ட தங்கச்சிய மட்டும் பாருங்க. அவளும் பொய் சொல்றாள். ஆனா கொல்லல்ல. பொய் சொல்றதில கனபேர் பயந்தவங்கதான் அண்ணன்" என்றாளாம். அதை இவர் அன்று பின்னேரம் எனக்குச் சொன்னார். யார் முடிவைச் சொன்னது என்று அவள் கேட்கவில்லையாம். கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் என்னிடம் அதைவிடப் பெரிய பொய் ஒன்று இருந்தது.

இவருக்கு வருத்தம் முற்றியபோது டொக்டர், குடும்பத்தில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்கலாமா என்று கேட்டார். எனக்கும் இவருக்கும் ஒரே இரத்தவகை. சோதனைக்கு என்று தனியாகத்தான் போனேன். ஆஸ்பத்திரிக் கேற்றடிவரை போனேன். உள்ளே ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து நடந்துவந்தாள். அவளுக்கு என்ன வருத்தமோ தெரியாது. நான் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, "எனக்குச் சீனி வருத்தம் தொடங்கிட்டுதாம். குடுக்க ஏலாதாம்" என்று, இல்லாத நீரிழிவைச் சாட்டாகச் சொன்னேன். இவர் என் தலையைத் தடவினார். "உமக்கும் வருத்தமோ" என்று கவலைப்பட்டார். அன்றிலிருந்து வீட்டில் சீனி போடாமல் தேத்தண்ணி குடித்தேன். இரண்டு வருடம். ஆஸ்பத்திரி வாங்கில் இருக்கும் அந்த நான்கு மணித்தியாலம்தான் எனக்கு இனிப்பு. கன்ரீனில் தித்திப்பான ரின்பால் ஊற்றி, மேலே சீனியும் போட்டு ஒரு கோப்பை தேத்தண்ணி. கூடவே ஒரு துண்டு தொதல், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் பிரஷர் இறங்கி, நேரத்தோடு மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். வெளியே வந்து என் பக்கத்தில் வாங்கில் இருந்தாள். கையில் கட்டு. முகம் வெளிறியிருந்தது. என் ஒரு கையில் கோப்பை, மற்றக் கையில் பாதி கடித்த தொதல். மறைக்க நேரமில்லை.

கோப்பையைப் பார்த்தாள்.

"அக்காக்குச் சீனி எண்டு அண்ணன் சொன்னவர்."

நான் கோப்பையை வாங்கின் ஓரத்தில் வைத்தேன்.

"ரெண்டு வருசமா?"

"உமக்கு இப்ப என்ன வேணும்?" என் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை.

"ஒண்டும் வேணாம் அக்கா." கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "எனக்கொரு தங்கச்சி இருக்கிறாள். எனக்குத் தாறன் எண்டு சோதிக்கப் போனவள். மறுகா வந்து, தனக்கு நெஞ்சில ஓட்டையாம் எண்டாள். ஓட்ட இருக்கிறவள் விடிஞ்சா பொழுதுபடுமட்டும் வயலுக்க நிப்பாளா?" சிரித்தாள். "நான் கேக்கல்ல. அவளுக்கு மூணு புள்ள. பயம்தானே."

பிறகு எழும்பினாள்.

"அண்ணனுக்குச் சொல்லமாட்டன். அது உங்கட கதை. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

நன்றி வரவேண்டிய இடம் அது. எனக்கு வரவில்லை. என் புருசனின் சிரிப்பு அவளிடம் இருந்தது. இப்போது என் பொய்யும் அவளிடம் போய்விட்டது. இனி அந்தக் கண்ணாடியால் பார்த்து, இவர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார், முகம் மாறினால் எதற்கு மாறுகிறது என்று ஒவ்வொரு நிமிடமும் சாகவேண்டும். என்னால் முடியவில்லை. அடுத்த செவ்வாய் வார்டுச் சிஸ்டரிடம் போய், செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஒஃபிசில் லீவு தருகிறார்கள் இல்லை, நாளை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். திங்களும் வியாழனும் கிடைத்தது. இரண்டாம் கட்டில். சுவரோரம்.

ஓட்டோவில் வரும்போதுதான் இவரிடம் சொன்னேன்.

"லீவு இல்லையோ?" என்றார்.

"இல்லை."

என் முகத்தைப் பார்த்தார்.

"நான் அவவுக்குச் சொல்லிட்டு வரேல்லயே," என்றார். அவ்வளவுதான்.

நான் வென்றுவிட்டேன். திங்களும் வியாழனும் இவர் தலைக்குமேல் மோட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணாடியால் பார்த்தால் முகத்தில் ஒன்றும் இல்லை. முகம் வழிப்பதை விட்டுவிட்டார். நீலச் சேட்டு அலுமாரியில் கிடந்தது. ஒருநாள் நானாக, "ரீவியில அந்த மாதிரி ஏதும் போகுதோ, பாப்பமே" என்று கேட்டேன். "உமக்கு விளங்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னார்.

மார்கழியில் மழை விடாமல் பெய்தது. மூதூர்ப் பக்கம் றோட்டெல்லாம் வெள்ளம். ஒரு திங்கட்கிழமை, அந்தப் புருவம் திருத்திய நேர்ஸ் பிள்ளை கண் சிவந்து நின்றாள். ஏழாம் கட்டிலுக்கு இரண்டு முறை டயலிசிஸ் தவறிவிட்டதாம். பஸ் இல்லை. வெள்ளியும் தவறி மூன்றாம் நாள் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி, வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம்.

இவர் உள்ளே போகவில்லை. வாங்கில், என் இடத்தில் இருந்தார். சிஸ்டர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் செத்தவீட்டுக்குப் போனோம். வெள்ளம் வடிந்த சேறு வளவெல்லாம் கிடந்தது. பெட்டிக்குள் அவளுக்குக் காலுறை போட்டுவிட்டிருந்தார்கள், இரண்டும் ஒரே நிறத்தில். இவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார். தலைமாட்டில் தங்கச்சிக்காரி. எனக்கு யாரும் காட்டித் தரவேண்டியிருக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, "நான் குடுத்திருக்கலாமே, நான் குடுத்திருக்கலாமே" என்றாள். சுற்றியிருந்தவர்களுக்கு அவள் எதைச் சொல்கிறாள் என்று விளங்கவில்லை. ஒரு மனுசி, "நீ சோறு குடுத்தாய்தானே மகள்" என்று தேற்றினாள். அந்தக் கூட்டத்தில் விளங்கியது எனக்கு ஒருத்திக்குத்தான். என் கையையும் பிடித்தாள். குளிர்ந்த கை. நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் இவரைக் கதிரையில் இருத்தித் தலைக்கு வார்த்தேன். ஊசி ஏற்றும் கையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி இருந்தார். முகம் தெரியாததுதான் எனக்கு வசதியாக இருந்தது. மூன்றாம் வாளியில் தொடங்கினேன். கேற்றடியில் திரும்பியது, சீனி, லீவு, எல்லாம். 

"அவவுக்குத் தெரியுமோ?" என்றார்.

"ஓம். கண்டுபிடிச்சிட்டாள்."

இவர் திரும்பினார். அந்தக் கண்ணாடியால் நான் ஒன்றரை வருடமாகப் பார்த்த அதே முகம். "எப்பிடிக் கண்டுபிடிச்சவ?" என்றார்.

நான் என் உயிரை உருவி இவர் முன்னால் வைத்திருக்கிறேன். இவருக்கு அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது வேண்டியிருக்கிறது! வாளியைக் கிணற்றுக்குள் எறியவேண்டும் போல இருந்தது. ஆனால் சொன்னேன். ரின்பாலையும் தொதலையும் சொன்னேன். இவர் சிரித்தார். "கெட்டிக்காரி, கெட்டிக்காரி" என்று சிரித்தார். சிரித்துச் சிரித்து அழுதார். அதன்பிறகுதான் அது தன்னுடைய கதையும் என்று இவருக்கு உறைத்திருக்க வேண்டும். எழும்பி உள்ளே போய்விட்டார். ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை.

பத்தாம் நாள் குசினி வாசலில் வந்து நின்றார்.

"பயந்துகொண்டு ஒண்டும் செய்யவேண்டாம்."

"பயம் போகேல்ல," என்றேன். "ஆனால் சோதனைக்கு வாறன்."

சோதனைகளுக்கென்று நான்கு முறை கண்டிக்குப் போய்வந்தோம். என் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஏதாவது ஒரு குறை சொல்லமாட்டார்களா என்றுகூட ஒவ்வொரு முறையும் பார்த்தேன். ஐந்தாம் முறை போனது ஆஸ்பத்திரியில் படுக்க. காலை பஸ். என் மடியில் மாற்றுடுப்புப் பை. கந்தளாய் வரமுன்னமே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இறங்கிவிடவேண்டும் என்று இரண்டு முறை எழும்பினேன்.

இவர் என்னை இருத்திவிட்டு, "ஒரு நாடகம் சொல்லட்டோ?" என்றார்.

டெப்பில் இப்போது அந்த நாடகங்கள் இல்லை. அவளுடைய தங்கச்சியின் பிள்ளைகள் அழித்துவிட்டு விளையாட்டு ஏற்றியிருந்தார்கள். இவர் நினைவிலிருந்துதான் சொன்னார், எனக்கென்று தமிழில். தேவாலயத்தில் மணி அடிக்கிறவன் செத்துக் கிடக்கிறான். பாதிரியார் ஒரு குரலில் கதைத்தார், பேக்கரிக்காரி ஒரு குரலில் கதைத்தாள். மிருக வைத்தியர் வந்தபோது இவருடைய குரல் மாறியது. "சரி, இருங்க, தேத்தண்ணி குடிங்க. ஆர் பொய் சொல்றீங்க எண்டு மறுகா பாப்பம்."

அது அவள் கதைக்கிற விதம். அவளுடைய இழுவை. என் புருசனின் வாய்க்குள்ளிருந்து, எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அவள் கதைக்கிறாள். எனக்கு எரிந்தது. இந்த மனுசனுக்கு நான் உடம்பில் பாதியைக் கொடுக்கப் போகிறேன், இவர் அவளுடைய குரலைக் கொண்டுவந்து என் காதுக்குள் வைக்கிறார். எந்த இடத்தில் எந்தச் சொல்லை எப்படிச் சொன்னாள் என்று இவ்வளவு வடிவாக ஞாபகம் வைத்திருக்கிறாரே! நான் சொன்னது ஏதாவது இவருக்கு இப்படி ஞாபகம் இருக்குமா? ஹபரணையில் பஸ் நின்றது. சனம் இறங்கியது, ஏறியது. நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. மனதுக்குள் அவளை எரித்துக்கொண்டே கதை கேட்டேன். பேக்கரிக்காரி பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கொன்றது அவள் இல்லை. அதை வாய்விட்டும் சொன்னேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பயப்பட மறந்துபோயிருந்தேன் என்பது தம்புள்ளை தாண்டியபிறகுதான் தெரிந்தது.